வெள்ளிக்கிழமைகளில் நாற்பத்து மூன்று

காஸ் சிலிண்டர் மாற்றிய தேதியை எழுதுவதற்காக இன்று காலையில் பழைய கொப்பி ஒன்றைப் புரட்டினேன். கடைசியில் இரண்டு மூன்று வெற்றுத் தாள் மிச்சம் இருந்த ஞாபகம். வெற்றுத் தாளுக்கு முந்தின பக்கத்தில் உங்கள் கையெழுத்து. பெரிதாக ஒன்றுமில்லை. நாற்பத்து மூன்று என்ற எண், அதைச் சுற்றி ஒரு வட்டம், பக்கத்தில் சின்னதாக "இது போதும்" என்று இரண்டு சொல். போன மாதம் இதே பக்கத்தைப் பத்துத் தடவை பார்த்திருக்கிறேன். அப்போது தேதிகளிலும் எண்களிலும்தான் கண். அந்த இரண்டு சொல்லை இன்றைக்குத்தான் படித்தேன். பருப்பு பொங்கி அடுப்பு அணைந்ததுகூடப் பிறகுதான் தெரிந்தது.

நீங்கள் போய்ப் பத்து மாதம் ஆகிறது. உங்களுக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. உங்களோடு சண்டை பிடிக்க வேண்டும் என்று நினைத்ததுண்டு. இறந்தவர்களிடம் பொய் சொல்வது பாவம், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள்மேல் எனக்குப் பொறாமை. "இருந்தது" என்று எழுதப் பார்த்தேன், கை ஓடவில்லை. இருக்கிறது.

எங்கள் வீட்டு மேல்மாடி அனெக்ஸை வாடகைக்குப் பார்க்க வருகிறவர்கள், எங்கள் மலை ஊரான அம்பிட்டியவின் ஏற்றத்தில் மூச்சு வாங்கி, படிகளையும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்கள். நீங்கள் ஒரு துணிப்பையோடும் இரண்டு கம்பியூட்டர் பெட்டிகளோடும் நேராக ஏறிப் போனீர்கள். யாழ்ப்பாணத்துக்காரர், தனியாக வாழும் பெண், டவுனில் ஓர் அலுவலகத்தில் கம்பியூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. என்னைவிட மூன்று வயது இளையவர், ஆனாலும் "நீ" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் முதல் நாளே என்னை "அக்கா" ஆக்கிக்கொண்டீர்கள். நான் கடைசிவரை உங்களுக்கு ஓர் உறவுமுறை வைக்காமல் "இங்க பாருங்க" என்றே காலத்தை ஓட்டிவிட்டேன்.

மகளுக்கு அப்போது இருபது வயது. கட்டப்போகும் வீடு கட்டி முடிந்தபின் எப்படித் தோன்றும் என்று கம்பியூட்டரில் படமாகச் செய்து கொடுக்கும் வேலையைப் படித்துக்கொண்டிருந்தாள். உங்கள் படியில் அவள் காலடி கேட்கத் தொடங்கியது. ஒரு மாதத்தில் அவள் பேச்சே மாறிவிட்டது.

"கறிக்கு உப்பு போட்டியாடி?"

"ஓம் அம்மா."

"என்னா ஓம்? ஆமான்னு சொல்லத் தெரியாதா? மஹய்யாவ ஊர்க்காரி வயித்துல பொறந்துட்டு யாழ்ப்பாணத்து ஓமாம்!"

"ஓம்னா என்னம்மா, ரெண்டும் ஒண்ணுதானே."

"அப்போ மேல போயே சாப்பிட்டுக்க."

அவள் சிரித்துக்கொண்டே மேலே போய்விட்டாள். உங்கள் இடியப்பத்தையும் சொதியையும் சாப்பிட்டுவிட்டு வந்து ருசியாக இருந்தது என்று வேறு சொன்னாள்.

நான் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவள். அவள் பள்ளிக்கூடம் போன பிறகு அவளுடைய புத்தகங்களையும் ஓர் அகராதியையும் வைத்துக்கொண்டு நானாகவே ஆங்கிலம் படித்தேன். தண்ணீர் பம்ப் பழுதானால் அதோடு வந்த புத்தகத்தைப் படித்துத் திருத்துவேன். தையல் மிஷினை ஒருநாளும் கடைக்குக் கொண்டு போனதில்லை. அவளுக்கு ஒன்று தெரிய வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவாள். நீங்கள் வந்தபின், "அன்ட்டிட்ட கேக்குறேன்" என்றாள். நீங்கள் அதைப் பறித்தீர்கள் என்று சொல்லமாட்டேன். நீங்கள் கையை நீட்டவே இல்லை. அதுதான் எனக்கு ஆற்றாமை.

அவளுக்குப் பெரிய கம்பியூட்டர் ஒன்று வேண்டும் என்றானபோது இரண்டு பேரும் சேர்ந்து போய்ப் பாகம் பாகமாக வாங்கி வந்து, என் சாப்பாட்டு மேசையில் பேப்பர் விரித்துப் பொருத்திப் பூட்டினீர்கள். நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டே பார்த்தேன். அந்த மிஷினைக் கூடத்தில் சாமி அலுமாரிக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னது மட்டும் நான். சோறு போடப்போகும் பொருள் அல்லவா? வெள்ளிக்கிழமைகளில் குளித்து விளக்கேற்றியதும் அதற்கும் திருநீறு, குங்குமம் வைப்பேன். பட்டுத் துண்டு ஒன்றை மேலே போர்த்தி, சின்னத் தட்டில் பூ வைப்பேன். சனிக்கிழமை காலையில்தான் எடுப்பேன். எங்களவர், மகளின் அப்பா, தன் இரும்புக்கடைத் தராசுக்குச் செய்யும் அதே மரியாதைதான்.

முதல் வெள்ளிக்கிழமை அதைப் பார்த்துவிட்டு நீங்கள் கேட்டீர்கள்: "அக்கா, திருநீறு பூசினா வைரஸ் வராதோ?"

பகிடி எனக்கும் புரியும். நீங்கள் சொன்னதில் எனக்குக் கோபமில்லை. மகள் விழுந்து விழுந்து சிரித்தாளே, அதுதான். பதினைந்து நாள் உங்களோடு பேசவில்லை. தோசை சுட்டால் மேலே அனுப்பவில்லை. படியில் எதிர்ப்பட்டால் முந்தானையைச் சரிசெய்துகொண்டு போனேன். பதினாறாம் நாள் நீங்கள் மார்க்கெட்டிலிருந்து மல்லிகைப்பூச் சரம் ஒன்று வாங்கி வந்து, "சாமிக்கு அக்கா" என்று வாசலில் நின்றே நீட்டினீர்கள். உங்களுக்குச் சாமியில் அவ்வளவு ஈடுபாடு கிடையாது என்று எனக்குத் தெரியும். அதன்பிறகு என் பூசையைப் பற்றி நீங்கள் ஒரு சொல் சொன்னதில்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

சில மாதங்களில் அவளுக்கு வேலைகள் வந்தன. ஒரு படம் முடியவே நாலைந்து மணிநேரம் என்று புலம்பினாள். நீங்கள் ஓவர்க்ளொக் செய்து பார்ப்போம் என்றீர்கள். புரொசெசர்தான் கம்பியூட்டரின் மூளை. அதற்குக் கம்பெனி ஒரு வேகத்தைச் சொல்லி விற்கிறது. சில புரொசெசர்களில் அதற்கு மேலே ஓட்டிப் பார்க்க இடம் விட்டிருக்கிறார்கள். பெருக்கல் எண் என்று ஒன்று, அதை ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். ஏற ஏற வேகம் கூடும், சூடும் கூடும். சூடு அளவு மீறினால் அதுவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், இல்லையென்றால் திரை அப்படியே உறைந்துவிடும். இதெல்லாம் நீங்கள் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தபோது நான் கறிக்குக் காய் அரிந்துகொண்டே கேட்டது.

அப்போதுதான் என் கொப்பியை நீங்கள் கண்டீர்கள். எந்தத் தேதியில் எந்தச் சிலிண்டர் மாட்டினேன், எத்தனை நாள் வந்தது, எந்த மூட்டை அரிசி எத்தனை வேளை என்று கட்டம் போட்டு எழுதி வைத்திருந்தேன்.

"அக்கா, உங்கட கொப்பியில இதையும் எழுதித் தாறியளே? எனக்கு இப்பிடி ஒழுங்கா எழுத வராது."

என்னைக் கணக்கப்பிள்ளை ஆக்குகிறீர்கள் என்று தோன்றியது. ஆனாலும் கட்டம் போட்டேன். தேதி, பெருக்கல் எண், வோல்டேஜ், சூடு, எத்தனை நிமிடம் ஓடியது. ஒரு நாள் நான் கேட்டேன், வோல்டேஜையும் எண்ணையும் சேர்த்தே மாற்றினால் சீக்கிரம் முடியுமே என்று. "ஒரு நேரத்தில ஒண்டை மட்டும் மாத்தவேணும் அக்கா. ரெண்டை மாத்தினா எது திருத்தினது, எது கெடுத்தது எண்டு கடைசிவரைக்கும் தெரியாது" என்றீர்கள்.

எங்களவர் கடையிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார். "என்னா, ரெண்டு பொம்பளைங்களும் கூடி ஜாதகம் எழுதுறீங்களா?"

"ஓம் அண்ணை, செவ்வாய் தோஷம். அதான் இவ்வளவு சூடு" என்றீர்கள் நீங்கள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். அவர் அன்றைக்குச் சிரித்ததுபோல் என் பேச்சுக்குச் சிரித்ததில்லை. அதையும் குறித்து வைத்திருக்கிறேன், கொப்பியில் அல்ல.

மூன்று வாரம் ஒவ்வொரு மாலையும் பார்த்தோம். பெருக்கல் எண் நாற்பத்தேழில் சில நாள் அருமையாக ஓடும். சில நாள் கால்மணி நேரத்தில் சூடு தொண்ணூற்றொன்பதுக்குப் போய்த் திரை உறையும். நீங்கள் விசிறியைக் கழற்றித் துடைத்தீர்கள், சூடு கடத்தும் பசையை மாற்றினீர்கள். ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு ஒரு மாலை என் கொப்பியை வாங்கி முதல் பக்கத்திலிருந்து படித்தீர்கள். சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தீர்கள். கூடத்தை ஒருதரம் சுற்றிப் பார்த்தீர்கள். நான் கொடுத்த தேத்தண்ணீரைக் கடைசிச் சொட்டுவரை மெதுவாகக் குடித்தீர்கள். அதன்பின் ஒரு மணிநேரம் ஓடவிட்டுப் பார்த்து, என் கொப்பியில் அந்த வட்டத்தைப் போட்டீர்கள்.

"இவ்வளவுதான் போகும்போல கிடக்கு பிள்ளை. நாப்பத்து மூண்டில விடுவம்."

"அன்ட்டி! எல்லாருக்கும் நாப்பத்தேழு போகுதே!"

"எல்லாப் புரொசெசரும் ஒண்டில்லை. இது கொஞ்சம் சோம்பேறி."

மகளுக்கு முகம் தொங்கிப் போய்விட்டது. எனக்கா? சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உங்களால் முடியாத ஒன்று என் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது என்று. அதன் பிறகு மூன்று வருடம், அவள் "அன்ட்டி மாதிரி வராது" என்று சொல்லும் போதெல்லாம் அந்த நாற்பத்து மூன்றை நினைத்து மனதை ஆற்றிக்கொள்வேன்.

பிறகு உங்களுக்கு நோய் வந்தது. தம்பி வீட்டுக்கு யாழ்ப்பாணம் போனீர்கள். மகள் தினமும் கதவைச் சாத்திக்கொண்டு உங்களோடு போனில் பேசினாள். என்ன பேசினீர்கள் என்று நான் கேட்கவில்லை, கேட்க விரும்பாததுபோல் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தேன். செய்தி வந்த நாளில் அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். அப்பாயி இறந்தபோது அவள் அப்படி அழவில்லை. அவளைத் தூக்கி அணைத்துக்கொண்டு நின்றபோது என் மனதுக்குள் ஓடியது என்ன தெரியுமா? எனக்கு இப்படி அழுவாளா என்பதுதான். முருகா, என்ன பிறவி இது என்று அன்றைக்கு என்னையே நொந்துகொண்டேன். ஆனால் அந்தக் கேள்வி போகவில்லை.

போன மாதம் அவளுக்குப் பெரிய வேலை ஒன்று வந்தது. பொறுமை இழந்து அவளே பெருக்கல் எண்ணை நாற்பத்தேழுக்கு ஏற்றினாள். நாலு நாள் ஓடிற்று. ஐந்தாம் நாள் பாதிப் படத்தில் திரை உறைந்து, செய்த வேலை போயிற்று. மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டு, "அன்ட்டி இருந்தா ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சிருப்பாங்க" என்றாள்.

"நான் பாக்குறேன்" என்றேன்.

"நீங்களா?"

அந்த "நீங்களா" இருக்கிறதே! அதற்காகவே இறங்கினேன். அவள் என்னை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, உங்களைப் பார்த்ததுபோல் பார்க்க வேண்டும். கம்பியூட்டர் எழும்பும்போது ஒரு விசையை அழுத்தினால் வருமே, எல்லாவற்றையும் மாற்றும் அந்தத் திரை, அதைப் பற்றிய புத்தகத்தை அகராதியோடு வைத்து வரிவரியாகப் படித்தேன். புதுக் கொப்பி போட்டேன். வோல்டேஜைக் கொஞ்சம் குறைத்தேன், நாலைந்து நாள் நன்றாக ஓடிற்று, பிறகு உறைந்தது. அதைப் பழையபடி வைத்துவிட்டு, மின்சாரம் இழுக்கும் வரம்பைக் கூட்டினேன். அதுவும் நாலைந்து நாள், பிறகு உறைந்தது. மெமரியின் வேகத்தைக் குறைத்தேன். அதே கதை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும். உங்கள் சொல்லைத்தான் பிடித்துக்கொண்டு நடந்தேன், அதிலும் எனக்கு எரிச்சல்.

மூன்றாம் தடவை உறைந்த அன்று அவள் தான் செய்த வீட்டுப் படம் ஒன்றை ஆளிடம் காட்டக் கலஹாவுக்குப் போயிருந்தாள். நான் பழைய கொப்பியைத் தேடி எடுத்து இரண்டையும் பக்கத்தில் விரித்தேன். நான் தேதி எழுதுவேன், கிழமை எழுதுவதில்லை. நாட்காட்டியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உறைந்த தேதிகளுக்கு ஒவ்வொன்றாகக் கிழமை பார்த்தேன். வெள்ளி. வெள்ளி. வெள்ளி. பழைய கொப்பியில் உறைந்ததாக எழுதிய தேதிகளைப் போனில் தேடிப் பார்த்தேன். அதுவும் வெள்ளி. நீங்கள் வட்டம் போட்ட நாளும் வெள்ளிதான்.

தலையை நிமிர்த்தினேன். எதிரே மிஷின், அதன் தலையில் நான் காலையில் இஸ்திரி போட்டு விரித்த பட்டு, பட்டின்மேல் பூத்தட்டு. சூடான காற்று வெளியே போகிற கண்ணெல்லாம் அந்த மேல்தட்டில்தான் இருக்கிறது. கையை வைத்தேன். பட்டு சுட்டது. பூ வாடிக் கிடந்தது.

துண்டை எடுத்துவிட்டு மறுபடி ஓடவிட்டேன். பத்து நிமிடமாகியும் சூடு எண்பத்தொன்றைத் தாண்டவில்லை.

எத்தனை வெள்ளிக்கிழமை அந்த மிஷினின் வாயைப் பொத்திவிட்டு, அதற்கு நல்லது நடக்க வேண்டும் என்று கும்பிட்டிருக்கிறேன்! சிரிப்பு வந்தது. சிரித்து முடிக்குமுன்பே வேறொன்று வந்தது. நாட்காட்டியைப் பார்த்தீர்களே. கூடத்தைச் சுற்றிப் பார்த்தீர்களே.

கம்பியூட்டரை அணைத்து மறுபடி போட்டு, அந்தத் திரைக்குள் போனேன். மாற்றிய அமைப்புகளைப் பெயர் வைத்துச் சேமிக்க ஓர் இடம் இருக்கிறது. இதுவரை நான் அங்கே போனதில்லை. இரண்டு பெயர் இருந்தன, ஆங்கில எழுத்தில் தமிழ்ச் சொற்கள். ஒன்று "மற்ற நாள்", நாற்பத்தேழு. மற்றது "வெள்ளிக்கிழமை", நாற்பத்து மூன்று.

துண்டு மேலே கிடக்க எவ்வளவு ஓடும் என்று பார்த்திருக்கிறீர்கள். பார்த்துவிட்டு, எல்லா நாளையும் வெள்ளிக்கிழமையாகவே வைத்துவிட்டீர்கள். கிழமைக்குக் கிழமை மாற்றினால் மகள் ஏனென்று கேட்பாள், கேட்டால் என் பட்டு வெளியே வரும், வந்தால் அவள் சிரிப்பாள். அவள் சிரித்தால் நான் என்ன ஆவேன் என்று உங்களுக்குத் தெரியும். என் பதினைந்து நாள் கோபத்தைப் பார்த்தவர் அல்லவா?

மகள் வந்தாள். வெள்ளிக்கிழமை மாலை, நாற்பத்தேழில் படம் ஓடிக்கொண்டிருந்தது. நம்பாமல் எண்ணைப் பார்த்தாள், சூட்டைப் பார்த்தாள்.

"என்னம்மா செஞ்சீங்க?"

"காத்து போற வழிய சரி பண்ணேன்."

"அவ்வளவுதானா? அப்போ அன்ட்டி பிழை விட்டுட்டாங்களா? இத்தன வருஷமா சும்மா கொறச்சு வச்சிருந்திருக்காங்களே! அம்மா, நீங்க அன்ட்டியவே வென்னுட்டீங்க!"

கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நாலு வருடம் நான் எந்தப் பார்வைக்காகக் காத்திருந்தேனோ, அந்தப் பார்வை. நான் வாயைத் திறக்கவில்லை. சனிக்கிழமை முழுவதும் திறக்கவில்லை. அவள் தோழிகளுக்கெல்லாம் போன் போட்டு, எங்கம்மா, எங்கம்மா என்று சொன்னதைக் கேட்டுக்கொண்டே இரண்டு வேளை சமைத்தேன். இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் விளக்கேற்றி உட்கார்ந்தால் பாடிப் பழகிய தேவாரம் நடுவில் அறுந்து போயிற்று. பிழை விட்டவர் என்ற பெயரோடு நீங்கள் கிடக்க, உங்கள் இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் எனக்காகப் பிழை விட்டவராக இருக்கச் சம்மதித்த இடம் அது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து அந்தத் திரையைக் காட்டினேன். பட்டுத் துண்டைச் சொன்னேன், கிழமைகளைச் சொன்னேன். சிரிக்கப் போகிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் சிரிக்கவில்லை. இரண்டு பெயரையும் திரும்பத் திரும்பப் படித்தாள்.

"எங்கிட்ட சோம்பேறிப் புரொசெசர்னு சொன்னாங்க."

"ஆமா."

"தினம் போன்ல பேசினாங்க. கடைசி வரைக்கும். எங்கிட்டகூடச் சொல்லலையே." என்னைத் திரும்பிப் பார்த்தாள். "உங்களுக்காக எங்கிட்ட பொய் சொல்லியிருக்காங்க."

தாடை இறுகியிருந்தது. உதட்டில் ஒரு சிரிப்பு வரப் பார்த்து நின்றுவிட்டது. கண் என்னைத் தலை முதல் கால் வரை அளந்தது, என்ன இருக்கிறது இவளிடம் என்று. எனக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும். நீங்கள் படியேறிப் போகும்போதெல்லாம் நான் வைத்துக்கொண்டிருந்த முகம் அது.

அவள் எழுந்து போய், வாசற்படியில் நின்று கேட்டாள்: "அவங்களுக்கு உங்கள அவ்வளவு புடிக்குமாம்மா?"

"தெரியலையேடி" என்றேன். உண்மை. நாலு வருடம் நீங்கள் என்ன செய்கிறீர்கள், யாரோடு சிரிக்கிறீர்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு, நீங்கள் என்னை எப்படிப் பார்த்தீர்கள் என்று ஒருநாளும் பார்க்கத் தோன்றவில்லை.

இரண்டு வாரமாகிறது. அவள் இன்னும் அந்தக் கேள்வியை முகத்தில் வைத்துக்கொண்டுதான் என்னைச் சுற்றி நடக்கிறாள். எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்த வெட்கத்துக்கு அடியில் கொஞ்சம் சந்தோஷமும் இருக்கிறது, உங்களிடத்தில் அவளுக்குக் கிடைக்காத ஒன்று எனக்குக் கிடைத்திருக்கிறது என்று. பிள்ளை பாவம், அவளுக்கு எதையும் கொடுப்பேன். இதை மட்டும் கொடுக்கமாட்டேன்.